83 விமானத்துக்கு 99 எஞ்சின் எதற்கு? போர் விமான மெக்கானிக்கின் கணக்கு

இந்திய விமானப்படைக்காக 83 தேஜஸ் மார்க் 1ஏ விமானங்கள் செய்ய 2021 பிப்ரவரியில் ஒப்பந்தம் போடப்பட்டது. அவற்றில் பொருத்த, அதே ஆண்டு ஆகஸ்டில், விமானம் செய்யும் அரசு நிறுவனமான எச்ஏஎல், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கிடம் கேட்ட எஃப்404 எஞ்சின்கள் 99. தேஜஸ் ஒற்றை எஞ்சின் விமானம். 2025 செப்டம்பரில் இன்னும் 97 விமானங்களுக்கு ஒப்பந்தமானது; நவம்பரில் அவற்றுக்கென 113 எஞ்சின்கள். இரண்டு தடவையும் 16 கூடுதல். நடுவில், 2024 செப்டம்பரில், சுகோய்-30 விமானங்களுக்காக 26,000 கோடி ரூபாய்க்கும் மேலான விலையில் 240 எஞ்சின்களுக்கு ஒப்பந்தம் வந்தது. அதில் புது விமானம் ஒன்றுகூடக் கிடையாது.

படிப்பவருக்குக் குழப்பம் வருவது நியாயம்தான். கார் வாங்கினால் எஞ்சின் அதனோடு வருகிறது. பத்துக் காருக்குப் பன்னிரண்டு எஞ்சின் யாரும் வாங்குவதில்லை. போர் விமானத்துக்கு மட்டும் ஏன் இந்த வழக்கம் என்பது, அந்த எஞ்சினைத் தொட்டு வேலை பார்ப்பவர் என்ன செய்கிறார் என்று தெரிந்தால் தெளிந்துவிடும். இந்திய விமானப்படையில் அவருடைய பிரிவுக்கு 'புரொபல்ஷன் ஃபிட்டர்' என்று பெயர்.

கழற்றுவதற்கென்றே பொருத்தப்படுவது

ஜெட் எஞ்சின் செய்யும் வேலையைச் சொல்ல நான்கு வினைச்சொல் போதும்: இழுக்கிறது, அழுத்துகிறது, எரிக்கிறது, தள்ளுகிறது. முன்னால் உள்ள விசிறி காற்றை இழுக்கிறது. அடுத்து வரும் கம்ப்ரசர் அதை நெருக்கி அழுத்துகிறது. எரியறையில் எரிபொருள் தெளிக்கப்பட்டுத் தீப்பிடிக்கிறது. சூடான வாயு வெளியேறும் வழியில் டர்பைனைச் சுழற்றிவிட்டுப் போகிறது. அந்த டர்பைன்தான் முன்னால் உள்ள விசிறியையும் கம்ப்ரசரையும் சுற்றவைக்கிறது. போர் விமானத்தில் இதற்குப் பின்னால் ஆஃப்டர்பர்னர் என்ற இன்னொரு அடுப்பும் உண்டு. வெளியேறும் வாயுவில் மறுபடி எரிபொருளைக் கொட்டிக் கொளுத்தி, உந்துவிசையைக் கூட்டுவது அதன் வேலை.

தேஜஸில் உள்ள எஃப்404-ஐஎன்20 எஞ்சினின் எடை ஒரு டன்னை ஒட்டியது. ஆஃப்டர்பர்னருடன் அது தரும் உந்துவிசை சுமார் எட்டரை டன். மூன்றடுக்கு விசிறி, ஏழடுக்குக் கம்ப்ரசர், இரண்டு டர்பைன். இவை தனித்தனிப் பகுதிகளாகக் கழன்று வரும்படி அமைந்தவை. டர்பைன் பகுதிக்கு ஆயுள் முடிந்தால் அதை மட்டும் மாற்றிவிட்டு மற்றதைத் தொடரலாம்.

ஆகவே ஓர் எஞ்சினுக்கு ஒரே வயது என்று எதுவும் இல்லை. விசிறிக்கு ஒரு வயது, கம்ப்ரசருக்கு ஒரு வயது, டர்பைன் தட்டுக்கு ஒரு வயது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவேடு. இன்று ஒரு விமானத்தில் இருக்கும் எஞ்சின் ஆறு மாதம் கழித்து வேறொரு விமானத்தில் இருக்கலாம். அதன் டர்பைன் மூன்றாவது ஒன்றில் இருக்கலாம். விமானத்தின் வால் எண்ணும் எஞ்சினின் தொடர் எண்ணும் ஒன்றையொன்று சாராத இரண்டு கணக்குகள். 83-க்கும் 99-க்கும் உள்ள இடைவெளியில் பாதி இங்கேயே விளங்கிவிடும்.

டவுன் பஸ்ஸும் விரைவுப் பேருந்தும்

பயணிகள் விமானத்தின் எஞ்சின், இறக்கையை விட்டுக் கழற்றாமலேயே 20,000 மணி நேரம் ஓடியதெல்லாம் உண்டு. சுகோய்-30 எம்கேஐயின் ஏஎல்-31எஃப்பி எஞ்சினை 1,000 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துச் சீர்படுத்தவேண்டும். மொத்த ஆயுள் 2,000 மணி நேரம். மட்டமான எஞ்சின் என்பதால் இப்படி இல்லை. ஓட்டும் விதம் அப்படி.

சென்னையில் புறப்பட்டு மதுரை வரை ஒரே சீராக ஓடும் விரைவுப் பேருந்தையும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று கிளம்பும் டவுன் பஸ்ஸையும் எண்ணிப் பாருங்கள். கிலோமீட்டர் சமமாக இருந்தாலும் கிளட்சும் பிரேக்கும் எதில் முதலில் தேயும் என்பது எந்த நடத்துநருக்கும் தெரியும். பயணிகள் விமானம் மேலேறும்போது ஒருமுறை முழுவிசை கொடுத்துவிட்டு, பிறகு மணிக்கணக்கில் ஒரே நிலையில் போகிறது. போர் விமானி ஒரு மணி நேரப் பயிற்சிக்குள் விசைக்கோலைப் பல முறை முழுதாக முன்னே தள்ளிப் பின்னே இழுக்கிறார். ஒவ்வொரு தடவையும் உலோகம் சூடாகி விரிகிறது, ஆறிச் சுருங்குகிறது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று ஒடியும் அல்லவா, அதே கதைதான். அதனால்தான் மணிக்கணக்கோடு 'சுழற்சி' என்ற இன்னொரு கணக்கும் எழுதப்படுகிறது. குறைந்த விசையிலிருந்து முழுவிசைக்குப் போய்த் திரும்புவது ஒரு சுழற்சி.

டர்பைன் பிளேடின் நிலைமை இன்னும் மோசம். அதன்மேல் மோதும் வாயுவின் சூடு, பிளேடு செய்யப்பட்ட நிக்கல் கலவை உருகும் சூட்டைத் தாண்டக்கூடியது. உருகாமல் இருப்பதற்குக் காரணம், பிளேடின் உடம்பு முழுவதும் உள்ள ஊசித் துளைகள். கம்ப்ரசரிலிருந்து திருப்பிவிடப்பட்ட காற்று அந்தத் துளைகள் வழியே கசிந்து பிளேடைப் போர்த்துகிறது. அந்தக் காற்றே சில நூறு டிகிரி சூடு. பிளேடுக்கு அதுதான் குளிர்காற்று. ராஜஸ்தான் பாலைவனத் தளங்களில் காற்றோடு வரும் பொடிமணல் உள்ளே உருகி, இந்தத் துளைகளில் கண்ணாடிபோல் படியும். துளை அடைத்தால் அந்த இடம் கருகும். கடல்மேல் பறந்து வரும் எஞ்சினுக்கு எதிரி உப்பு. கம்ப்ரசரை நன்னீர் விட்டுக் கழுவவேண்டும்.

மெக்கானிக் எதைத் தேடுகிறார்?

பழுது பார்ப்பதைவிடப் பழுதைத் தேடுவதே இந்த வேலையில் பெரும்பகுதி. தேடும் வழிகள் பல. முக்கியமானவை நான்கு.

1. கண்ணும் விரலும். விமானத்தின் காற்று நுழைவாய் வழியாக ஊர்ந்து உள்ளே போகிறார். அதற்கு முன் பாக்கெட்டில் உள்ள எல்லாவற்றையும் வெளியே வைத்துவிடவேண்டும்: பேனா, சாவி, மோதிரம், அடையாள அட்டை. உள்ளே நிமிர இடமில்லை. டார்ச் வெளிச்சத்தில் விசிறியின் முதல் வரிசை மட்டும் தெரிகிறது. ஒவ்வொரு பிளேடின் முன்விளிம்பிலும் விரல் நுனியைப் படரவிட்டுப் பார்க்கிறார். ஐயம் இருந்தால் பஞ்சால் தடவுகிறார். கண்ணுக்குத் தெரியாத கொத்தலில் பஞ்சு இழை மாட்டிக்கொள்ளும். கொத்தல் கையேடு சொல்லும் அளவுக்குள் இருந்தால் அரத்தால் இழைத்து வழவழப்பாக்கலாம், ஏனென்றால் விரிசல் தொடங்குவது கூர்மையான முனையில்தான். அளவு மீறினால் எஞ்சின் இறங்கவேண்டியதுதான்.

2. போர்ஸ்கோப். வயிற்றுக்குள் விடும் எண்டோஸ்கோப்பின் உடன்பிறப்பு. எஞ்சினின் பக்கவாட்டில் இதற்கென்றே உள்ள துளைகளில் கேமரா முனையை நுழைத்து, ரோட்டாரை, அதாவது சுழலும் பகுதியை, கையால் மெல்லச் சுழற்றி, ஒவ்வொரு பிளேடாகத் திரையில் பார்ப்பார்கள். எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

3. எண்ணெய். என்னைக் கேட்டால் நான்கிலும் இதுவே அதிகம் பேசும் சாட்சி. எண்ணெய் ஓடும் பாதையில் காந்த முனை கொண்ட பிளக் ஒன்று இருக்கும். அதைக் கழற்றிப் பார்த்தால், மெல்லிய மயிர்போன்ற இரும்புத் துகள் ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். செதில்போல, சில்லுபோல ஏதாவது ஒட்டியிருந்தால் எங்கோ ஒரு பேரிங் உதிரத் தொடங்கிவிட்டது என்று பொருள். இதோடு, எஞ்சின் நின்றதும் சூடு ஆறும் முன் எண்ணெய் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்குப் போகும். இரும்பா, செம்பா, வெள்ளியா, பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று அங்கே அளப்பார்கள். ஒருநாள் எண்ணைவிட, முந்தைய பத்து நாள் எண்களோடு ஒப்பிடும்போது அது ஏறுகிறதா என்பதுதான் முக்கியம்.

4. அதிர்வும் சத்தமும். தரையில் விமானத்தைக் கட்டிவைத்து எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது. ஆஃப்டர்பர்னர் எரியும்போது அருகில் சத்தம் 140 டெசிபலைத் தொடும். அது காதுக்கு வலி தரும் அளவு. முன்பக்கம் நிற்பதோ வேறு வகை ஆபத்து. 1991 பிப்ரவரியில் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலான தியோடர் ரூஸ்வெல்ட்டின் தளத்தில், ஏ-6 விமானத்தின் எஞ்சின் ஒரு மாலுமியை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டது. அந்த எஞ்சினின் முன்முனை நீண்டிருந்ததால் அவர் பிளேடை எட்டும் முன் மாட்டிக்கொண்டு உயிர் பிழைத்தார். எல்லா எஞ்சினுக்கும் அப்படி நீண்ட முனை கிடையாது.

எண்ணெய் என்ன சொல்லும் என்பதற்குச் சுகோய்-30 ஒரு நேரடி எடுத்துக்காட்டு. 2013 முதல் நடந்த எஞ்சின் கோளாறுகளைப் பற்றி, அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் 2015இல் விவரம் வெளியிட்டார். மொத்தம் 69 கோளாறுகள். அவற்றில் 33, பேரிங்கிலிருந்து உதிர்ந்த உலோகத் துணுக்கு எண்ணெயில் கலந்ததால் வந்தவை. 11 அதிர்வால், 8 எண்ணெய் அழுத்தம் குறைந்ததால். எதிரியின் ஏவுகணை இந்தப் பட்டியலில் இல்லை. சின்னஞ்சிறு சில்லுதான் இருக்கிறது. சுகோய்க்கு இரண்டு எஞ்சின் என்பதால் ஒன்று நின்றாலும் மற்றொன்றை வைத்துத் திரும்பிவிடலாம். தேஜஸில் அந்த வசதி இல்லை. அங்கே காந்த பிளக்கைப் பார்ப்பவரின் பொறுப்பும் அந்த அளவுக்குக் கூடுகிறது.

காணாமல்போன டார்ச்

எஞ்சின் பிரிவில் கருவிப் பெட்டியைத் திறந்தால், ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவத்திலேயே வெட்டப்பட்ட பள்ளம் இருக்கும். வேலை முடிந்ததும் ஒரு பள்ளம் காலியாக இருந்தால் தூரத்திலிருந்தே தெரியவேண்டும் என்பதற்காக. ஒரு திருகாணி குறைந்தாலும் அது கிடைக்கும்வரை விமானம் அசையக்கூடாது.

வெளியாருக்கு இது பிடிவாதமாகத் தெரியும். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள லூக் விமானப்படைத் தளத்தில் நடந்ததைப் பார்க்கலாம். ஓர் எஃப்-35 விமானத்தில் எரிபொருள் குழாயில் சிறு வேலை. அது முடிந்ததும் மெக்கானிக் ஒருவர், நுழைவாயில் ஏதேனும் பொருள் கிடக்கிறதா என்று கையடக்க டார்ச்சோடு பார்த்தார். டார்ச்சை நுழைவாயின் விளிம்பிலேயே வைத்துவிட்டார். கருவிகள் சரியாக இருப்பதாகக் கணக்கும் சொல்லியாகிவிட்டது. எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டினார்கள். நிறுத்தும்போது விநோதமான சத்தம் கேட்டது. சேதம் ஏறத்தாழ 40 லட்சம் டாலர் என்று விசாரணை அறிக்கை கணக்கிட்டது. அந்நியப் பொருள் இருக்கிறதா என்று தேடப் போன விளக்கே அந்நியப் பொருளாகிவிட்டது.

கையளவு வேலையிலும் இதே பதற்றம்தான். ஒரு போல்ட்டை முடுக்கும்போது, முறுக்குவிசையை அளக்கும் டார்க் ரென்ச் எவ்வளவு காட்டவேண்டும் என்பது எண்ணாகவே கையேட்டில் இருக்கும். 'இறுக்கமாக' என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. முடுக்கிய பிறகு இரண்டு போல்ட்டுகளின் தலையில் உள்ள துளைகளில் மெல்லிய எஃகுக் கம்பியைக் கோத்து முறுக்கிக் கட்டுவார்கள். கம்பி எந்தப் பக்கம் இழுக்கவேண்டும் என்பதற்கும் விதி உண்டு: ஒரு போல்ட் கழல முயன்றால் அந்தக் கம்பி மற்றதை முடுக்கவேண்டும். திசை மாற்றிக் கட்டினாலும் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். அதிர்வில் கழன்றுவிடும். புதிதாகச் சேர்ந்தவரின் வேலையை மேற்பார்வையாளர் முதலில் சோதிப்பது இந்தக் கம்பியில்தான்.

கையெழுத்து

செய்த வேலை எல்லாம் 'ஃபார்ம் 700' என்ற ஆவணத்தில் ஏறும். பிரிட்டிஷ் விமானப்படையிடமிருந்து வந்த வழக்கம் இது. செய்தவர் கையெழுத்திடுகிறார், மேற்பார்த்தவர் கையெழுத்திடுகிறார். உயிர் தொடர்பான பாகங்களில் வேலையில் சம்பந்தப்படாத மூன்றாமவர் தனியாகச் சோதித்துக் கையெழுத்திடுகிறார். கடைசியில் விமானி அதைப் படித்துவிட்டுத் தன் கையெழுத்தைப் போட்டு விமானத்தை ஏற்றுக்கொள்கிறார். எஞ்சினின் உள்ளே அவர் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. ஒரு கார்ப்பொரலோ சார்ஜென்ட்டோ போட்ட கையெழுத்தை நம்பித்தான் ஏறுகிறார். விபத்து நடந்தால் விசாரணைக் குழு முதலில் கைப்பற்றி முத்திரை வைக்கும் பொருள்களில் இந்தத் தாள்களும் அடக்கம்.

16 எஞ்சின் எங்கே இருக்கும்?

இப்போது எண்ணுக்கு வரலாம். பராமரிப்பில் படிநிலைகள் உண்டு. ஓடுபாதை ஓரத்தில் பறப்புக்கு முன்னும் பின்னும் நடப்பது முதல் படி. தளத்திலேயே உள்ள பட்டறையில் எஞ்சினை இறக்கி, பகுதிகளை மாற்றுவது அடுத்தது. அதற்கும் மேல், எஞ்சினை அக்கக்காகப் பிரிக்கும் வேலை. இது எச்ஏஎல் ஆலைகளிலும் விமானப்படையின் பழுதுபார்ப்புக் கிடங்குகளிலும் நடக்கிறது. சூலூர், ஓஜர், கான்பூர் போன்ற இடங்களில் அத்தகைய கிடங்குகள் உள்ளன.

ஆகவே எந்த நாளில் பார்த்தாலும் எஞ்சின்கள் பல இடங்களில் பரவிக் கிடக்கும்: சில விமானத்தில், சில பட்டறை ஸ்டாண்டில், சில சோதனை மேடையில், சில பெட்டிக்குள் பயணத்தில், சில ஓர் உதிரிபாகத்துக்காகக் காத்துக்கொண்டு. 83-க்கு 16 என்றால் 19 விழுக்காடு. 97-க்கு 16 என்றால் 16 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஆறு விமானத்துக்கு ஓர் எஞ்சின் வெளியே இருந்தாலும் பறப்பு நிற்காது என்பதே இதன் பொருள். ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் இறுக்கிப் பிடித்த கணக்கு என்றே எனக்குப் படுகிறது.

சுகோய்க் கணக்கு வேறு மாதிரி. விமான உடலுக்கு வகுத்த ஆயுள் 6,000 மணி நேரம், எஞ்சினுக்கு 2,000. ஒவ்வொரு விமானமும் தன் வாழ்நாளில் மூன்று ஜோடி எஞ்சின்களைத் தின்று தீர்க்கும். 240 என்ற எண் அந்தப் பசிக்கான தீனி. ஒடிசாவின் கோராபுட்டில் எச்ஏஎல் அவற்றை எட்டு ஆண்டுகளில், ஆண்டுக்கு முப்பதாகச் செய்து தரவேண்டும்.

எஞ்சின் வராதபோது

தேஜஸுக்கான முதல் 65 எஃப்404-ஐஎன்20 எஞ்சின்களை ஜெனரல் எலக்ட்ரிக் 2016இல் கொடுத்து முடித்தது. புது ஆர்டர் இல்லாததால் அந்த வகைக்கான உற்பத்தி வரிசை மூடப்பட்டது. 2021இல் 99 எஞ்சின் கேட்டபோது, ஐந்து ஆண்டு உறங்கிய வரிசையையும் அதற்குப் பாகம் தந்த நிறுவனங்களையும் மறுபடி எழுப்பவேண்டியிருந்தது. 99-இல் முதலாவது வந்தது 2025 மார்ச் இறுதியில்தான். ஆனால் முதல் மார்க் 1ஏ உற்பத்தி விமானம் 2024 மார்ச் 28 அன்றே பறந்துவிட்டது. எப்படி? ஏற்கெனவே கையிருப்பில் இருந்த எஞ்சினை வைத்துத்தான். எஞ்சினும் விமானமும் தனித்தனிக் கணக்கு என்று மேலே சொன்னதன் பயன் இது.

பயனுக்கு விலையும் உண்டு. தட்டுப்பாடு வரும்போது ஒரு விமானத்தில் இருப்பதைக் கழற்றி இன்னொன்றில் போடுவது உலகின் எல்லா விமானப்படைகளிலும் நடக்கிறது. ஒரு பாகம் குறைந்ததற்கு மெக்கானிக் இரண்டு முறை கழற்றி இரண்டு முறை மாட்டுகிறார். ஒவ்வொரு தடவையும் கம்பி முறுக்கல், சோதனை ஓட்டம், மூன்று கையெழுத்து. தேஜஸில் எஞ்சினைப் பிரிக்கும்போது, அதன் சுழற்சியிலிருந்து மின்னாக்கிக்கும் ஹைட்ராலிக் பம்புக்கும் விசை கொண்டுபோகும் தண்டின் இணைப்பையும் சரிபார்க்கவேண்டும். அந்தத் தண்டு போய்ச்சேரும் கியர்பெட்டியை வடிவமைத்தது சென்னை ஆவடியில் உள்ள சிவிஆர்டிஇ ஆய்வகம். விமானம் பற்றிய செய்திகளில் அதன் பெயர் அடிபடுவது குறைவு.

ஆள் கணக்கு

தாம்பரம் விமானப்படைத் தளத்தில் உள்ள இயந்திரவியல் பயிற்சி நிறுவனத்தில்தான் எஞ்சின் பிரிவு வீரர்கள் தொழில் கற்கிறார்கள். அறிவியல் வழியில் சேர, பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், ஆங்கிலம் தேவை; மூன்றாண்டுப் பொறியியல் டிப்ளமோ முடித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். பழைய முறையில் சேர்ந்தவர்களுக்குத் தொடக்கப் பணிக்காலமே 20 ஆண்டு. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்பவர்களுக்கு நான்கு ஆண்டு. அதன்பின் அதிகபட்சம் 25 விழுக்காட்டினருக்கே நிரந்தரப் பணி.

சம்பளம், ஓய்வூதியம் பற்றிய வாதங்களை விட்டுவிடுகிறேன். எஞ்சின் பிரிவைப் பொறுத்தவரை கேள்வி ஒன்றுதான். காந்த பிளக்கில் ஒட்டியிருப்பது மயிரா, சில்லா என்று ஒருவர் முடிவுசெய்து இடும் கையெழுத்து, மறுகேள்வி இல்லாமல் ஏற்கப்படுவது எத்தனையாவது ஆண்டில்? அடிப்படைப் பயிற்சி, தொழிற்பயிற்சி, குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சி, மூத்தவர் பக்கத்தில் நின்று பழகும் காலம் எல்லாம் போனால் நான்கு ஆண்டில் மிஞ்சுவது அதிகமில்லை. தங்கிவிடும் அந்த 25 விழுக்காட்டில் எஞ்சின் பிரிவுக்கு எவ்வளவு பங்கு கிடைக்கிறது என்பதே நான் கவனிக்கும் எண். 113 எஞ்சின்களும் 2027 முதல் 2032 வரை வந்துசேரும். இன்று பயிற்சியில் இருக்கும் ஓர் இளைஞரின் நான்கு ஆண்டு அதற்குள் முடிந்திருக்கும்.

வெளியே வருபவர் அப்படியே பயணிகள் விமான நிறுவனத்தில் எஞ்சினுக்குக் கையெழுத்திட முடியாது. அதற்கு சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் வேண்டும். தனியாகத் தேர்வுகள் எழுதவேண்டும். பணியில் இருக்கும்போதே அந்தப் பாடங்களைப் படிக்கத் தொடங்கியவர்களுக்கு அது எளிதாகிறது.